பந்தைப் போடாமல் ஸ்டம்பைத் தட்டினால் அது ஏமாற்றா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். உங்கள் அக்கா மகனுக்கு 14 வயது, பள்ளி அணிக்கு ஆஃப் ஸ்பின் போடுகிறான். கடைசி விக்கெட், இன்னும் சில ரன்கள்தான் பாக்கி. பந்து போட ஓடி வந்தவன், எதிர்முனையில், அதாவது பந்து போடும் பக்கத்தில், நின்ற பேட்ஸ்மேன் பையன் கோட்டை விட்டு வெளியே போவதைப் பார்த்து, பந்தைப் போடாமல் ஸ்டம்பைத் தட்டிவிட்டான். அம்பயர் அவுட் கொடுத்தார், ஆட்டம் முடிந்தது. அப்புறம் எதிரணிப் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் அவனை 'ஏமாற்றுக்காரன்' என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பையன் பந்தைத் தொடவில்லை. 'இது சட்டப்படி அவுட்டா, முதலில் எச்சரித்திருக்க வேண்டாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து 'நீ செய்ததில் தப்பில்லை' என்று மனசாட்சியோடு சொல்ல முடியுமா என்பதைத்தான். இரண்டுக்கும் பதில் சொல்ல முயற்சி செய்கிறேன். நான் 20 வருடத்துக்கு மேலாக லீக், கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் அம்பயராக நிற்கிறவன். இதே காட்சி என் கண் முன்னால் பல முறை நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் பையன் தட்டியதை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த அம்பயர் கொடுத்த முடிவு சரியா என்று என்னால் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிரிக்கெட்டின் விதிகளை எழுதிப் பராமரிப்பது லண்டனில் உள்ள மேரிலிபோன் கிரிக்கெட் கிளப், சுருக்கமாக எம்.சி.சி. அந்த விதிகளில் இது இன்று 38-ஆம் விதிக்குள், அதாவது சாதாரண ரன் அவுட் இருக்கும் அதே விதிக்குள் இருக்கிறது. பவுலர் ஓட ஆரம்பித்ததுமே பந்து ஆட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்திலிருந்து, பவுலர் வழக்கமாகப் பந்தைக் கையிலிருந்து விடுவார் என்று எதிர்பார்க்கும் கணம் வரை, நான் ஸ்ட்ரைக்கர் (non-striker, அதாவது பந்தைச் சந்திக்காமல் பவுலர் முனையில் நிற்கும் பேட்ஸ்மேன்) கோட்டுக்கு வெளியே போனால் பவுலர் அவரை ரன் அவுட் செய்யலாம். பந்தைக் கையில் பிடித்தபடியே தட்டலாம், எறிந்தும் அடிக்கலாம். தட்டிவிட்டு அப்பீல் செய்ய வேண்டும். அப்பீல் இல்லாமல் எந்த அம்பயராலும் அவுட் கொடுக்க முடியாது. அவுட் ஆகிவிட்டால் அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது, அந்த விக்கெட் பவுலர் பெயரிலும் ஏறாது. குறி தவறினால் டெட் பால், திரும்பிப் போய் மறுபடி ஓடி வர வேண்டியதுதான். எச்சரிக்கையைப் பற்றி அந்த விதி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு முறை சொன்னால் போதுமா, இரண்டு முறை சொல்ல வேண்டுமா என்று மைதானத்தில் நடக்கும் வாக்குவாதமெல்லாம் பழக்கத்தில் வந்தது.

இன்னொரு உறுதியான விஷயம், கோடு யாருக்குச் சொந்தம் என்பது. பலரும் மட்டை கோட்டைத் தொட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கிரீஸ் என்று விதி சொல்வது, வெள்ளையாகப் போட்ட அந்தப் பட்டையின் ஸ்டம்ப் பக்கத்து ஓரத்தை. மட்டையோ காலோ அந்த ஓரத்தைத் தாண்டி உள்ளே தரையில் இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டின் மேலேயே இருந்தால் அவுட். 2016-இல் வங்கதேசத்தில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இதைத் துல்லியமாகப் பார்த்தோம். ஜிம்பாப்வேக்குக் கடைசி ஓவரில் 3 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். மேற்கிந்தியத் தீவுகளின் கீமோ பால் ஓடி வந்தார், பந்தைப் போடாமல், ஸ்டம்புகளின் மேல் இருக்கும் பெயில்களைத் தட்டினார். கள அம்பயர்கள் மூன்றாவது அம்பயரிடம் கேட்டார்கள். திரையில் ரிச்சர்ட் நகரவாவின் மட்டை நுனி பெரிதாகத் தெரிந்தது. அது கோட்டின் மேல் இருந்தது, கோட்டுக்கு உள்ளே இல்லை. அவுட். மேற்கிந்தியத் தீவுகள் 2 ரன்னில் வென்று அடுத்த சுற்றுக்குப் போனது, பிறகு இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்தது. அந்தப் பையனை உலகமே திட்டியது. மட்டை நுனி இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் பேச்சே இல்லை, அதைப் பின்னால் வைப்பது நகரவாவின் கையில்தான் இருந்தது.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். இந்த அவுட்டை உலகம் 'மன்கட்' என்று கூப்பிடக் காரணமானவர் வினூ மன்கட். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அவர் இப்படி அவுட் செய்தார். அதே சுற்றுப்பயணத்தில், அதற்கு முன் நடந்த ஓர் ஆட்டத்தில், இதே பிரவுனை முதலில் எச்சரித்து, அப்புறமும் அவர் கேட்காததால் இதே போல அவுட் செய்திருந்தார். டெஸ்டில் மறுபடி எச்சரிக்கவில்லை. பத்திரிகைகள் மன்கட்டைத் தாக்கின. ஆனால் எதிரணிக் கேப்டன் டான் பிராட்மேன் தன் சுயசரிதையில் மன்கட்டின் பக்கம்தான் நின்றார். விதி நான் ஸ்ட்ரைக்கரைக் கிரீஸுக்குள் நிற்கச் சொல்கிறது, அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான் என்பது பிராட்மேனின் வாதம். இதில் எனக்கு இன்றும் வருத்தம் தருவது அந்தப் பெயர்தான். கோட்டை விட்டுக் கிளம்பியவர் பிரவுன், ஆனால் 70 வருடத்துக்கும் மேலாகப் பழி சுமப்பது மன்கட் பெயர். இந்தியாவின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவர் அவர். அதனால்தான் நான் அம்பயர் வகுப்பு எடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை, 'எதிர்முனை ரன் அவுட்' என்றுதான் சொல்வேன்.

விதியும் இத்தனை வருடம் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதையும் தெரிந்துகொண்டால்தான், அந்தப் பயிற்சியாளர் போன்றவர்கள் ஏன் இன்னும் கோபப்படுகிறார்கள் என்று புரியும். 2000-இல் வந்த விதித் தொகுப்பு, பவுலர் பந்தை விடும் கடைசி அடியை வைப்பதற்கு முன்னால் மட்டும்தான் இதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தியது. அதனால் நான் ஸ்ட்ரைக்கருக்குத் தைரியம் வந்துவிட்டது. பவுலர் கடைசி அடி வைத்ததும் தாராளமாகக் கிளம்பலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2011-இல் சர்வதேச ஆட்டங்களுக்கு ஐ.சி.சி. அதைத் தளர்த்தியது, 2017-இல் எம்.சி.சி.யும் மாற்றியது. ஆனால் அப்போதும் அது 41-ஆம் விதியில், 'நியாயமற்ற ஆட்டம்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. அங்கே நியாயமற்றது என்று விதி சொன்னது நான் ஸ்ட்ரைக்கர் முன்னால் கிளம்புவதை. படிப்பவர்களோ பவுலர் செய்வதுதான் நியாயமற்றது என்று எடுத்துக்கொண்டார்கள். 2022 அக்டோபர் 1 முதல் அதை அங்கிருந்து எடுத்து ரன் அவுட் விதிக்குள் வைத்துவிட்டார்கள். இன்று பயிற்சியாளர்களாக இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஆடிக் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய காலத்தில். அவர்கள் மனதில் இது இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

சரி, சந்தேகமான பகுதி. 'பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கும் கணம்' என்று விதி சொல்கிறதே, அது எது? பவுலரின் கை உச்சிக்கு வரும் கணம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் பவுலருக்கு அந்த உரிமை போய்விட்டது. 2023 ஜனவரியில் மெல்போர்னில், ஆஸ்திரேலிய டி20 தொடரான பிக் பாஷின் ஆட்டம் ஒன்றில் ஆடம் ஜாம்பா, கையை முழுக்கச் சுழற்றிவிட்டு, பந்தை விடாமல் திரும்பி வந்து ஸ்டம்பைத் தட்டினார். டாம் ராஜர்ஸ் வெளியேதான் நின்றார், ஆனால் நாட் அவுட். ஜாம்பாவின் கை செங்குத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எம்.சி.சி. விதியின் சொற்களை இன்னும் தெளிவாக்கியது. அதே வருடம் ஏப்ரலில் பெங்களூரு ஐ.பி.எல். ஆட்டத்தில் கடைசிப் பந்து, ஸ்கோர் சமம், லக்னோவுக்கு ஒரு விக்கெட்தான் மிச்சம். ஹர்ஷல் படேல் ஓடி வந்து தட்டப் பார்த்தார், கை ஸ்டம்பில் படவில்லை. ஓடிவந்த வேகத்தில் தாண்டிப் போய்த் திரும்பி எறிந்தார், அது ஸ்டம்பில் பட்டது. ரவி பிஷ்னோய் வெளியேதான் இருந்தார். ஆனாலும் அது செல்லவில்லை, நேரம் கடந்துவிட்டது. மறுபடி போட்ட பந்தில் லக்னோ வென்றது.

இந்த விஷயத்தில் மிகக் கடினமானது 2019 மார்ச்சில் ஜெய்ப்பூர் ஐ.பி.எல். ஆட்டத்தில் அஸ்வின் ஜாஸ் பட்லரை அவுட் செய்தது. அஸ்வின் பஞ்சாப் கேப்டன், பட்லர் ராஜஸ்தானுக்காக 43 பந்தில் 69 அடித்திருந்தார், 185 ரன் இலக்கில் அணி 108-க்கு 1 என்று வசதியாக இருந்தது. பட்லர் போனதும் ஆட்டம் திரும்பி, பஞ்சாப் 14 ரன்னில் வென்றது. அஸ்வின் பந்தை விடும் இடத்துக்கு வந்து, ஒரு கணம் நின்று, பட்லர் கிரீஸை விட்டு நகர்ந்ததும் தட்டினார் என்பது ஒரு தரப்பு. பட்லர் பவுலரைப் பார்க்கவே இல்லை, தன்போக்கில் நடந்து போய்க்கொண்டிருந்தார் என்பது இன்னொரு தரப்பு. எம்.சி.சி.யே முதலில் விதிப்படி தவறில்லை என்ற தொனியில் சொல்லிவிட்டு, அடுத்த நாள் அந்த இடைநிறுத்தம் நீண்டுவிட்டது, ஆட்டத்தின் மாண்புக்கு உகந்ததல்ல என்றது. நான் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பந்து வெளியே வந்திருக்க வேண்டிய கணத்தில் பட்லர் கால் உள்ளே இருந்ததா, வெளியே போக ஆரம்பித்துவிட்டதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைய சொற்களை வைத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னால் எனக்குத் தயக்கம் இருக்கும். இதே பட்லரை 2014-இல் எட்ஜ்பாஸ்டனில் சச்சித்ர சேனநாயக்க அவுட் செய்தது அப்படியில்லை. முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள், அப்படியும் பட்லர் வெளியே போனார். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இந்தக் கணத்தைக் கணிப்பதில் நானே தவறியிருக்கிறேன். கேமரா இல்லாத ஆட்டங்களில் பவுலர் முனை அம்பயரின் கண் எங்கே இருக்கும் தெரியுமா? பவுலரின் முன்னங்கால் விழும் இடத்தில். நோ பால் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தூக்கி ஸ்ட்ரைக்கர் பக்கம் கொண்டு போவோம். நான் ஸ்ட்ரைக்கர் கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் போலத்தான் தெரிவார். அப்படி ஒரு நாள், ஒரு வேகப்பந்து வீச்சாளர் காலை ஊன்றி, கையையும் சுழற்றி முடித்துவிட்டு, பின்னால் கைநீட்டித் தட்டினார். பெயில் விழுந்த சத்தம், எல்லாரும் சேர்ந்து அப்பீல், பேட்ஸ்மேன் இரண்டடி வெளியே. நான் விரலைத் தூக்கிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான், பெயில் விழும் முன்பே அவர் கை கீழே வந்துவிட்டது என்று காட்சி மனதில் ஓடியது. அந்தப் பையன் 40-க்கு மேல் அடித்து ஆடிக்கொண்டிருந்தான். மறுவாரம் அவனைப் பார்த்துச் சொன்னேன், தவறு என் பேரில் என்று. அதிலிருந்து, யாராவது ஒரு நான் ஸ்ட்ரைக்கர் முன்னாலேயே கிளம்புகிறார் என்று தெரிந்தால், நான் அரை அடி பின்னால் தள்ளி நின்று, காலையும் கிரீஸையும் ஒரே பார்வையில் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். அப்படியும் முழு நிச்சயம் கிடைப்பதில்லை. உங்கள் பையன் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே தொழில்நுட்பக் கேள்வி இதுதான்: தட்டும்போது அவன் கை சுழன்று முடிந்திருந்ததா? ஸ்பின்னர் என்பதால், ஓடி வந்து நின்று தட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி மனசாட்சி. 'விதியில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா' என்று அந்தப் பயிற்சியாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி, ஆகிவிடாது என்பதுதான் என் பதிலும். 1981 பிப்ரவரி 1-ஆம் தேதி மெல்போர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் சமன் செய்ய 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதிப்படி அது செல்லும். ஆனால் அதை யாரும் இன்றுவரை ஆதரிக்கவில்லை, விதியையும் மாற்றிவிட்டார்கள். ஏன்? எதிரில் நின்ற பிரையன் மெக்கெக்னி எந்தத் தவறும் செய்யவில்லை. தனக்கு உரிமையில்லாத எதையும் அவர் எடுத்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நான் சர்ச்சைகளை எடைபோடுவது இப்படித்தான்: அவுட் ஆனவர் தனக்கு வரக்கூடாத லாபம் ஒன்றை எடுக்கப் பார்த்தாரா? 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மாத்யூஸுக்கு டைம்டு அவுட், அதாவது நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகவில்லை என்ற அவுட், கொடுத்தார்கள். அவர் ஹெல்மெட் பட்டை அறுந்து நின்றிருந்தார், அதனால் அவருக்கு ஒரு ரன்னும் கூடுதலாக வரப்போவதில்லை. எதிரணிக் கேப்டன் ஷாகிப் அப்பீல் செய்தது விதிப்படி சரி, ஆனால் நான் கேப்டனாக இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அதே வருடம் லார்ட்ஸில் ஜானி பேர்ஸ்டோ, பந்து கீப்பர் கைக்குப் போனதும் ஓவர் முடிந்ததாக நினைத்துக் கிளம்ப, அலெக்ஸ் கேரி எறிந்து ஸ்டம்பிங் செய்தார். பேர்ஸ்டோவும் லாபம் தேடவில்லை, அஜாக்கிரதைதான். அதில் நான் நடுவில் நிற்கிறேன், பந்து உயிரோடு இருக்கும்போது பேட்ஸ்மேன் உள்ளே இருக்க வேண்டும் என்ற பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

நான் ஸ்ட்ரைக்கர் கதை வேறு. இரண்டு கிரீஸ்களுக்கும் நடுவே உள்ள தூரம் 58 அடி. அதுதான் ஒரு ரன்னின் விலை. பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஒருவர் 4 அடி முன்னால் போய்விட்டால், அவர் 54 அடி ஓடி 58 அடிக்கான ரன்னை வாங்குகிறார். ரன் அவுட்டுகள் அங்குலக் கணக்கில் முடிவாகும் ஆட்டம் இது. அதே கிரீஸில் பவுலரின் முன்னங்கால் குதிகால் ஓர் அங்குலம் தாண்டினால் என்ன ஆகிறது? நோ பால், எதிரணிக்கு ஒரு ரன், ஒருநாள் ஆட்டமோ டி20-யோ என்றால் ஃப்ரீ ஹிட்டும் உண்டு. விக்கெட் எடுத்திருந்தால் அதுவும் போச்சு. அவரிடம் யாரும் 'அடுத்த தடவை பார்த்துக்கொள்' என்று எச்சரிக்கை கொடுப்பதில்லை. ஒரே கோட்டில் ஒருவருக்கு அங்குலத்துக்குத் தண்டனை, இன்னொருவர் அடிக்கணக்கில் போனால் மரியாதையாகச் சொல்லித் திருத்த வேண்டும் என்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

ஒரு லீக் ஆட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இதே போலக் கடைசி விக்கெட், 4 ரன் வேண்டும். ஆஃப் ஸ்பின்னர் ஒரு முறை நின்று, 'அண்ணா, உள்ளே இருங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஓவரில் நிற்காமல் தட்டிவிட்டார். நான் கேப்டனிடம், 'அப்பீல் நிற்கிறதா' என்று கேட்டேன். விதி அப்படிக் கேட்கச் சொல்லவில்லை, அது என் பழக்கம். 'நிற்கிறது சார்' என்றார். கொடுத்தேன். பேட்டிங் அணியின் பெரியவர் ஒருவர் எல்லைக்கோட்டிலிருந்து கத்திக்கொண்டே உள்ளே வந்தார். நான் வாதாடவில்லை. அவரை நான் ஸ்ட்ரைக்கர் நின்ற இடத்துக்குக் கூட்டிப் போய்த் தரையைக் காட்டினேன். கிரீஸுக்கு முன்னால் ஒரு மட்டை நீளத்துக்கு அப்பால், ஒரே இடத்தில், ஷூ ஆணிகள் குத்திக் குத்திச் சிறிய பள்ளமே விழுந்திருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் அவர் ஓட்டத்தை ஆரம்பித்த இடம் அது. பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போனார்.

அதனால்தான் 2022 செப்டம்பர் 24-இல் லார்ட்ஸில் தீப்தி சர்மா, சார்லி டீனை அவுட் செய்தபோது நான் கொஞ்சமும் கலங்கவில்லை. இந்தியா எடுத்தது 169. இங்கிலாந்துக்கு 17 ரன் வேண்டும், கடைசி விக்கெட், டீன் 47 அடித்துத் தனியாகவே ஆட்டத்தை இழுத்து வந்திருந்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டமும் அதுதான். காட்சியைப் பார்த்தால், டீன் பவுலர் பக்கம் திரும்பவே இல்லை, முகம் முழுக்க ஸ்ட்ரைக்கர் பக்கம். தீப்தி காலை ஊன்றியதும் திரும்பித் தட்டுகிறார், பந்து இன்னும் கையில், டீன் வெளியே. பிறகு ஒரு பத்திரிகையாளர் அந்த இன்னிங்ஸைப் பந்து பந்தாகப் பார்த்து, அன்று டீன் 70-க்கும் அதிகமான முறை முன்னாலேயே கிளம்பியதை எண்ணி வெளியிட்டார். 'முன்பே எச்சரித்தோம்' என்று தீப்தி சொன்னார், காயத்தால் ஆடாமல் இருந்த இங்கிலாந்து கேப்டன் ஹெதர் நைட் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்று வெளியே இருந்து சொல்ல நமக்கு வழியில்லை, அது தேவையும் இல்லை. தீப்தி அந்த விளக்கத்தைக் கொடுக்க வேண்டிய நிலைமையே வந்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். டீன் அழுதது எனக்கும் கஷ்டமாக இருந்தது. அருமையாக ஆடியவர். ஆனால் ஓர் அவுட் மனதை வலிக்கச் செய்வதால் அது தவறான அவுட் ஆகிவிடாது.

மறுபக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, கோர்ட்னி வால்ஷ். 1987 உலகக் கோப்பை, லாகூர். பாகிஸ்தானுக்குக் கடைசிப் பந்தில் 2 ரன், கையில் ஒரு விக்கெட். வால்ஷ் ஓடி வந்தபோது சலீம் ஜாஃபர் வெளியே போயிருந்தார். வால்ஷ் நின்றார், அவரைப் பார்த்தார், தட்டாமல் திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தார். அப்துல் காதர் 2 ரன் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் அந்தத் தடவை அரையிறுதிக்குப் போகவில்லை. வால்ஷ் செய்தது பெரிய மனசு, அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அது அவராக விரும்பிக் கொடுத்த கொடை. கொடையைக் கடனாக ஆக்கி, எல்லாப் பவுலரிடமும் வசூலிக்கக் கூடாது. 14 வயதுப் பையன் வால்ஷ் போல நடந்துகொள்ளவில்லை என்பதால் அவன் ஏமாற்றுக்காரன் ஆகமாட்டான்.

அப்பீலை வாபஸ் வாங்குவதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அம்பயர் சம்மதத்தோடு ஃபீல்டிங் கேப்டன் அதைச் செய்யலாம். 2012-இல் பிரிஸ்பேனில் அஸ்வின், இலங்கையின் திரிமன்னேவை இப்படி அவுட் செய்ய, சச்சினோடு பேசிவிட்டு ஷேவாக் வாபஸ் வாங்கினார். 2023 ஜனவரியில் குவாஹாட்டியில் 98-இல் இருந்த தசுன் ஷனகவை ஷமி தட்டினார், ரோஹித் வாபஸ் வாங்கினார், ஷனக சதம் அடித்தார். அதே வருடம் செப்டம்பரில் மிர்பூரில் ஹசன் மஹ்மூத் அவுட் செய்த ஈஷ் சோதியை லிட்டன் தாஸ் திரும்ப அழைத்தார், சோதி போய் ஹசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேப்டன் அப்படிச் செய்யும்போதெல்லாம் பவுலர் எதிரே ஒரு கேள்வி தொங்கிவிடுகிறது: அப்படியானால் நான் செய்தது தப்பா? கேப்டன்கள் ஆட்டத்துக்கு முன்னாலேயே பவுலர்களிடம் 'நாம் இதைச் செய்வோம்' அல்லது 'செய்ய மாட்டோம்' என்று பேசி வைத்துக்கொண்டால், ஓர் இளைஞன் நடு மைதானத்தில் தனியாக நிற்க வேண்டி வராது.

உங்கள் பையனிடம் பேசும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பள்ளிப் போட்டிக்கென்று தனி விதித் தாள் இருக்கும், அதை வாங்கிப் படியுங்கள். சிறுவர் போட்டிகளில் சில இடங்களில், முதல் முறை எச்சரிக்கை கட்டாயம் என்றோ, இந்த அவுட்டே கிடையாது என்றோ எழுதி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால், நான் மேலே சொன்னதை அது மாற்றிவிடும். அந்த முடிவு அம்பயரின் தவறு ஆகிவிடும். அப்போதும் பையன் செய்தது விதி தெரியாமல் நடந்ததுதான், ஏமாற்று அல்ல. தாளில் அப்படி எதுவும் இல்லை, கையும் சுழன்று முடியவில்லை என்றால், அவன் எடுத்தது சுத்தமான விக்கெட். தைரியமாகச் சொல்லுங்கள். கேமரூனின் மேவா டூமாவைப் பற்றியும் சொல்லுங்கள். 2021-இல், 16 வயதில், உகாண்டாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 4 பேரை இப்படி அவுட் செய்தவர் அந்தப் பெண். ஒருவர் போன பிறகும் மற்றவர்கள் உள்ளே நிற்கவில்லை.

அப்புறம் அவனை வலைப்பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். எதிர்முனையில் மட்டையோடு நீங்களே நில்லுங்கள். மட்டை நுனியைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றி, ஸ்ட்ரைக்கரைப் பார்க்காமல், அவன் கையிலிருக்கும் பந்தையே பாருங்கள், அது விரலை விட்ட பிறகு கிளம்புங்கள். பத்துப் பந்து போதும். அந்த இடத்தில் உள்ளே நிற்பது எவ்வளவு சுலபம் என்று அவன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான்.